முதலில் இறங்குகிறவர்

நாலு பேர் சேர்ந்து எங்காவது போனால் அவர்தான் முன்னால் போவார். பெரிய மனுஷன் என்று காட்டிக்கொள்ள அல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ, அது முதலில் தன் மேல்தான் விழ வேண்டும் என்று அவருக்குள் ஒரு தீர்மானம். என் சோடா யூனிட்டில் புதிய கேஸ் சிலிண்டரைத் திறக்கிற நேரத்தில் அவர் வந்துவிட்டால் போதும், என் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கிவிட்டு ஸ்பேனரைக் கையில் வாங்கிக்கொள்வார்.

"தள்ளி நில்லுங்க பாய். மொதல்ல நான் பாத்துக்கறனுங்க."

நான் தினமும் திறக்கிற சிலிண்டர் அது. அவருக்கும் சோடாத் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் நான் ஒதுங்கிவிடுவேன். அந்தக் கையில் ஒதுங்க வைக்கிற மாதிரி ஏதோ இருந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் குடும்பம் இருக்கிறது, பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு தோட்டக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவர். போர் போடுகிற வண்டியோடு எந்தெந்த மாநிலமெல்லாமோ போய் வந்திருக்கிறார். கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காது செத்துப்போனது. அதனால் பேசுகிறவரின் பக்கம் வலது காதைத் திருப்பித் தலையைச் சாய்த்துக்கொண்டே நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அவர் எதையோ சந்தேகப்படுவதுபோலத் தோன்றும்.

அவரோடு வேலை செய்த ரிக் ஆட்கள் என் கடைக்கு சோடா குடிக்க வருவார்கள். அவரைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். வடக்கே ஏதோ ஓர் ஊரில் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகிறது. பாலம் இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று தெரியவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கழியோடு வண்டிக்கு முன்னால் தண்ணீரில் நடந்தாராம். அவர் கால் வைத்த இடத்தில் சக்கரம் வந்ததாம். தெரியாத ஊர் ஓட்டலில் சாப்பாடு வந்தால் முதல் வாய் இவருடையது. அதன்பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகுதான் "சாப்புடுங்கப்பா" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அவர் சொல்கிறவரை யாரும் கை வைக்க மாட்டார்கள்.

ஒரு முறை நானே நேரில் அவரிடம் கேட்டேன், எதற்கு இப்படி என்று. காதைத் திருப்பிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"முன்னாடி நிக்கறவன் செவுருங்க பாய். பின்னாடி இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆவாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சொல் எனக்குள் சரியாக உட்காரவில்லை. என்ன இடறுகிறது என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் என்னிடம் முதலில் வந்தது பழைய பாட்டில்களுக்காக. தடித்த கண்ணாடி பாட்டில்கள் வேண்டும், கூடவே மூடி அடிக்கிற கை மெஷின் ஒன்று பழையது இருந்தால் வேண்டும் என்றார். சோடாத் தொழிலுக்கு இன்னொரு போட்டி வருகிறது என்று நினைத்துக்கொண்டு, எதற்கு என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. பீர் போடுவதற்கு என்றார்.

நான் அதிர்ந்துவிட்டேன். எங்கள் மார்க்கத்தில் அது விலக்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் வந்துவிடுமே என்றேன். அவர் தலையைச் சாய்த்து, விற்பதற்கு இல்லை என்று நிதானமாகச் சொன்னார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

கர்நாடகத்து மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன பீர் ஆலை. அதை நடத்துவது ஒரு பெண்மணி. தண்ணீர் போதவில்லை என்று போர் போட இவர்கள் வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்த அன்று, சந்தோஷத்தில் ரிக் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தாராம். கோதுமையில் போட்டு, மலை ஆரஞ்சு சேர்த்த பீர். மஞ்சளாக, மோர் மாதிரி கலங்கி இருந்ததால் மற்றவர்கள் தயங்கியிருக்கிறார்கள். வழக்கம்போல இவர் முதலில் குடித்தார்.

"வாழப்பழ வாசம் வந்துச்சுங்க பாய். அப்புறம் கிராம்பு. அதுக்கும் பின்னாடி ஆரஞ்சு. ஆனா வாழப்பழமும் போடல, கிராம்பும் போடலீங்கறாங்க அந்தம்மா. ஈஸ்ட்டு பண்ற வேலையாமா. நான் அதுவரைக்கும் குடிச்சதெல்லாம் தொண்டைய எரிக்கறதுக்குக் குடிச்சதுங்க. இது எரியவே இல்ல."

மற்றவர்களைப் பார்த்து "குடிங்கப்பா" என்று சொல்ல அன்று மறந்தே போனாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

ஆரஞ்சுக்குப் பதில் மாம்பழம் போட்டால் என்ன என்று அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, நல்ல பழமாகக் கொண்டு வா, பார்க்கலாம் என்றிருக்கிறார். சிரிப்பை விட்டுவிட்டு மற்றதை இவர் எடுத்துக்கொண்டார். ரிக் வேலையை விட்ட பிறகு ஒரு சீசன் முழுக்க அந்த ஆலையிலேயே தங்கி வேலை செய்தார். கோதுமையையும் பார்லியையும் எப்படி முளைகட்டிக் காய வைப்பது, எந்தச் சூட்டில் ஊற வைப்பது, எப்போது ஈஸ்ட் சேர்ப்பது என்று எல்லாம் பழகிக்கொண்டார். சேலத்துப் பக்கத்துச் செந்தூரா மாம்பழம்தான் இதற்கு ஏற்றது என்று முடிவுக்கு வந்தார். மல்கோவா வெறும் தித்திப்பு, செந்தூராவில் புளிப்பு இருக்கிறது என்பார். பக்குவம் கைவந்துவிட்டால் அந்த அம்மா அதைத் தன் ஆலையில் போட்டு அங்கே விற்பதாகவும், இவரையும் குடும்பத்தோடு அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும் பேச்சு. பழம் நம் ஊரில் இருக்கிறது, பழுத்த அன்றே போட வேண்டும், அதனால் சோதனை மட்டும் இங்கே. ஒரே ஒரு மாம்பழ சீசன்.

பாட்டில்களையும் பழைய மெஷினையும் கொடுத்தேன். சரக்கை மட்டும் என் யூனிட்டுக்குள் கொண்டு வரக் கூடாது என்றேன். கடைசிவரைக்கும் அவர் கொண்டு வரவில்லை. வாசலுக்கு வெளியே, ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறப்பார். குடிக்கச் சொல்ல மாட்டார். மோந்து பாருங்கள் என்பார். அந்தப் பீரை நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆனால் அதன் வாசனை எனக்குத் தெரியும். முதல் தடவை காடி நாற்றம் அடித்தது. அடுத்த தடவை மாம்பழம் அழுகின மாதிரி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மிச்சத்தை வேரில் கொட்டிவிட்டுப் போவார்.

அவர் பீர் போட்டது கிணற்றுக்குள்.

அவருடைய தோட்டத்துக் கிணறு பழைய வட்டக் கிணறு. சுற்றிலும் போர் போட்டுப் போட்டு, அது வறண்டு பல வருஷம் ஆகிவிட்டது. சுவரில் பதித்த கல்படிகளில் இறங்கினால் முக்கால் ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு. தண்ணீர் இருந்த காலத்தில் மோட்டார் வைத்த இடம். அதற்கும் கீழே அடித்தரை. அங்கே பாறையைக் குடைந்து ஓர் அறை மாதிரி செய்திருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கிக்கொண்டே போன காலத்தில் குடைந்தது. மேலே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும்போது அந்த அடியில் குளுகுளுவென்று இருக்கும். பீர் புளிக்க அந்தக் குளிர்ச்சி வேண்டும். டிரம்களை அங்கே வரிசையாக வைத்திருந்தார். வெயிலும் ஊர்க் கண்ணும் படாமல் இருக்கக் கிணற்று வாயில் பாதிக்குத் தகரம் போட்டு மூடியிருந்தார்.

ஒரு நாள் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். தகரத்தின் நிழல் விழுந்து கீழே ஒன்றும் தெரியவில்லை. காது வைத்துக் கேட்டால் மெல்லிய கொப்புளச் சத்தம் வந்தது, யாரோ இருட்டில் உதட்டைக் குவித்து முணுமுணுக்கிற மாதிரி. அவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். "அப்ப நல்லா வேல செய்யுதுங்க" என்று சந்தோஷப்பட்டார்.

அங்கேதான் அவருடைய மச்சானைப் பார்த்தேன். மனைவியின் தம்பி. வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறவர், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. நூல் சுற்றிய பீம்களைத் தூக்கித் தூக்கி அகலமாகிப்போன தோள். பேச்சே கிடையாது. கேட்டதற்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். பழம் தோலுரிப்பது, டிரம் கழுவுவது எல்லாம் அவர். கிணற்றுக்குள் மட்டும் இவர் அவரை விட்டதே இல்லை. மாமா கீழே போனால் அந்த மனுஷர் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பார், மேலே வருகிறவரை கண்ணை எடுக்க மாட்டார்.

மனைவிக்கு இதெல்லாம் அடியோடு பிடிக்கவில்லை. விஷச்சாராயச் செய்தி எங்காவது பேப்பரில் வந்தால் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு இருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் போயிருந்த அன்று மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னிடம்தான் சொன்னார் அந்த அம்மா. நீங்களாச்சும் சொல்லுங்க பாய், இந்தக் கெணறு எனக்கு ஆகவே மாட்டேங்குது என்று. ஏன் என்று கேட்டேன். கிணற்றுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்கள் போய்விட்டன என்றார். போன வாரம் அணில் ஒன்று அடியில் செத்துக் கிடந்தது, தவளையும் கிடந்தது, உடம்பில் ஒரு காயமும் இல்லை என்றார்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேஸோடு பிழைக்கிறவன். அடைத்த ஷெட்டில் சிலிண்டர் கசிந்து என் ஆள் ஒருத்தர் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, வலது காதுப் பக்கம் நின்று நிதானமாகச் சொன்னேன். பீர் புளிக்கும்போது வருகிற கேஸும் என் சிலிண்டரில் இருக்கிற கேஸும் ஒன்றுதான். காற்றைவிடக் கனம். கிணற்றில் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் மூக்கு போய்விட்டால் ஆள் அவ்வளவுதான்.

அவர் மறுக்கவில்லை. கீழே போனால் சோடா குடித்த மாதிரி மூக்கில் சுருக்கென்று ஏறுகிறது, தலை வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அங்கே நின்றிருந்தார். பழைய கிணற்றில் இறங்குமுன் கோழியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது வழக்கம்தானே, தினமும் அப்படிச் செய்யேன் என்றார். இவருடைய முகம் மாறிவிட்டது.

"அந்தக் கோழி என்னுங்க பாவம் பண்ணுச்சு? பீரு குடிக்கப் போறது நானு. சாவறதுக்கு அதுங்களா?"

விளக்கையாவது இறக்கிப் பாருங்கள் என்றேன். சரி என்றார். செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தார். பழைய ஊதுகாற்று மெஷின் ஒன்றை வாங்கி, நீளமான குழாயைக் கிணற்று அடிவரைக்கும் விட்டு, மேலிருந்து இராப்பகலாகக் காற்று அடிக்க வைத்தார். அதற்குப் பிறகு மூக்கில் ஏறுவதில்லை என்று என்னிடம் வந்து சொன்னார். எனக்கும் பாதி நிம்மதி.

ஜூன் மாதம் ஒரு மாலை, புளியமரத்தடியில் அவர் திறந்த பாட்டிலை மோந்தபோது நான் முகம் சுளிக்கவில்லை. மரத்திலேயே பழுத்த செந்தூராவைக் காம்பு கிள்ளி மோந்த மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், கிராம்பு. ஒரு கிளாஸில் ஊற்றிக் காட்டினார். அந்தி வெயில் பட்டு, கலங்கலாக, விளக்கு ஏற்றி வைத்த மாதிரி மஞ்சளாக இருந்தது. வெள்ளை நுரை விரற்கடை உயரம் நின்றது. ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் தடவையாக மிச்சத்தைக் கொட்டாமல் தானே குடித்தார்.

மலையிலிருந்து அந்த ஆலைக்காரம்மா ருசி பார்க்க வருவதாக ஏற்பாடானது. ஒரு சனிக்கிழமை. காலி கிரேட்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நானும் அன்று காலை அவர் தோட்டத்துக்குப் போனேன். மச்சானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டுக்குள் விருந்தாளிக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. மசால் அரைக்க மிக்ஸி ஓடாமல் அவர் மனைவி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை. லைனில் வேலை நடக்கிறது, காலையிலிருந்தே இல்லை என்றார்கள். நான் கிரேட்களை எண்ணாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை என்றால் கிணற்றுக்குக் காற்று அடிக்கிற மெஷினும் ஓடாது என்பது எனக்கு உறைத்து நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். குளிர்ந்த பாட்டில்களை எடுத்து வர.

நான் கத்தினேன். இடது காது என் பக்கம் இருந்தது.

ஓடிப்போய் விளிம்பில் நின்றேன். மச்சான் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். உள்ளே போனவர் பாறைத் திட்டைத் தாண்டிக் கீழ்ப்படிகளில் இறங்கினார். கடைசிப் படிக்கு இரண்டு படி முன்னால், களைத்துப்போனவர் உட்காருகிற மாதிரி அமைதியாக உட்கார்ந்தார். கையைச் சுவரில் ஊன்றினார். பிறகு கை வழுக்கியது. தலை சுவரில் சாய்ந்தது. அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லை.

மச்சான் என்னை ஒரு முறை பார்த்தார். போக வேண்டாம், கேஸ் இருக்கிறது, கம்ப்ரஸர் வண்டியை வரச் சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்தேன். பிடித்த கையை மெதுவாக விடுவித்தார். தோள் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டார். அந்தத் துண்டு எதையும் தடுக்காது. அக்காவைக் கூப்பிடவில்லை. அந்த உடம்புக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, படிகளில் ஓட்டமாக இறங்கினார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அது மேலிருந்து எனக்குத் தெரிந்தது. தறிக்குப் பீம் தூக்குகிற மாதிரி மாமாவை அள்ளித் தோளில் போட்டார். படியேறிப் பாறைத் திட்டுக்குத் தோள் எட்டியதும் அந்த உடம்பைத் திட்டின் மேல் உருட்டித் தள்ளினார். தானும் ஏற வேண்டும். கையூன்ற இடம் தேடினார். அதுவரை பிடித்திருந்த மூச்சை அங்கேதான் விட்டார். அடுத்த மூச்சை இழுத்தபோது, குனிந்திருந்த அவர் தலை திட்டுக்குக் கீழே, கேஸுக்குள் இருந்தது. திட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கீழே டிரம் ஒன்று உருண்ட சத்தம் கேட்டது.

அவருடைய பழைய ரிக் முதலாளிக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊரில் போர் போட்டுக்கொண்டிருந்த வண்டியை அவர் திருப்பிவிட்டார். கம்ப்ரஸர் லாரி வரப்பை உழுதுகொண்டு கிணற்றடிக்கே வந்து நின்றது. தடித்த ஹோஸைக் கிணற்றுக்குள் விட்டுக் காற்றை அடித்தார்கள். பல வருஷத்துத் தூசியும் மாம்பழ வாசனையும் கலந்து புகை மாதிரி மேலே வந்தது. கயிறு கட்டி இரண்டு பேர் இறங்கினார்கள். திட்டில் கிடந்தவர் மேலே வந்தபோது மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்தவருக்கு இல்லை. அதற்குள் மலையிலிருந்து வந்த கார் தோட்டத்து வாசலில் நின்றது. அந்த ஆலைக்காரம்மா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்க இரண்டு நாள் ஆனது. நான் போயிருந்தேன். முதலில் கேட்டது, மாப்ள எங்கே என்றுதான். அவர் மனைவி கட்டிலருகே வந்து, நல்ல காதுப் பக்கமாகக் குனிந்தார். அழவில்லை. கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்:

"நீங்க மொதல்ல போனா பின்னாடி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுவீங்களே. நீங்க உளுந்து கெடக்கறதப் பாத்துட்டு எந்தம்பி மேலயே நின்னுக்குவான்னு நெனச்சீங்களாங்க?"

அன்று முதல் முறையாக அவர் அந்த நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். எனக்குள் அத்தனை நாள் இடறிக்கொண்டிருந்தது என்னவென்று அந்த வார்டில் நின்றபோதுதான் விளங்கியது. முன்னால் போகிறவன் விழுந்தால், அவன் மேல் பிரியம் வைத்தவன் பின்னாலேயே இறங்குவான். அவர் கணக்கில் அந்த ஆள் இல்லவே இல்லை.

ஊருக்குள், மச்சான் சாராயம் குடித்துச் செத்தான் என்று பேச்சு கிளம்பியது. அந்த மனுஷர் அன்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. நான் ஸ்டேஷனிலும் சொன்னேன், டீக்கடையிலும் சொன்னேன். ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டார்கள். டீக்கடையில் கேட்டுக்கொள்ளவில்லை. டிரம்களைப் போலீஸ்காரர்கள் மேலே இழுத்துக் கொட்டினார்கள். வரப்பெல்லாம் மஞ்சளாக ஓடியது. ஊர்க்கோழிகள் வந்து கொத்தின. அவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரிமாண்டுக்குப் போனார். ஜாமீனில் வந்ததும் மச்சானின் மனைவியையும் இரண்டு பெண்களையும் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். கிணற்றை மண் கொட்டி மூடினார்கள்.

அதன்பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. உடம்பு தேறிவிட்டது. ஆனால் நடக்கும்போது நாலடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பின்னால் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று. வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, அவர்கள் தாண்டிப் போன பிறகுதான் நகர்வார். பஸ்ஸில் எல்லோரும் ஏறி முடித்து, படிக்கட்டுக்குப் பின்னால் ஆளே இல்லை என்று தெரிந்தால்தான் காலை வைப்பார். இதனால் பஸ்ஸைத் தவறவிட்டதும் உண்டாம். ஆலைக்காரம்மா போனில் கூப்பிட்டு, செந்தூரா பீர் தன் ஆலையில் போட்டாயிற்று, வந்து ருசி பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றபோது, எல்லாரும் குடிச்சு முடிக்கட்டுங்க என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். அந்த அம்மாவே ஒருமுறை ஈரோடு போகிற வழியில் என் யூனிட்டில் இரண்டு பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்றார். என் இடத்தில் அதை வைத்திருக்க எனக்கும் சங்கடம்தான். பேப்பரில் சுற்றிப் பின்கட்டில் வைத்திருந்தேன்.

மறு வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மச்சானின் மூத்த பெண்ணைத் திருச்செங்கோட்டில் சேர்க்க எல்லோரும் வந்தார்கள். அவர் என் யூனிட்டுக்குள் வரவில்லை. எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகளோடு நின்றுகொண்டார். மச்சானின் மனைவி மட்டும் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். நான் அவரோடு அதிகம் பேசினதில்லை. சோடா கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

"அந்த மலையூட்டம்மா என்னமோ உங்ககிட்டக் குடுத்து வெச்சிருக்குதுங்களாமா. நான் அத ஒருக்கா பாக்கோணுங்க பாய். அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

எனக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று யோசிக்கத் தோன்றவில்லை. பின்கட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து பேப்பரைப் பிரித்தேன். லேபிளில் ஒரு மாம்பழப் படம், ஆங்கிலத்தில் எழுத்து. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறக்கச் சொன்னார். திறந்து ஒரு சோடா கிளாஸில் ஊற்றினேன். மஞ்சளாகக் கலங்கி, நுரை பொங்கி நின்றது. அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"மாம்பழ வாசந்தானுங்க அடிக்குது," என்றார்.

இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானுங்களா பாய்?"

நுரை கொஞ்ச நேரம் நின்று, ஓரங்களில் உடைந்து, அமுங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மல்லசமுத்திரம் பஸ் வந்து நின்றது. அவர் கிளாஸை மேஜையின் நடுவில், விளிம்பில் இல்லாமல் பார்த்து வைத்துவிட்டு, ஈரமான விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றப் போனார்.